பயன் உண்டெனச் சொல்லவும் சான்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் பரிணாமம் குறித்து வெளிவந்த கட்டுரை, இயற்கையில் பயனின்றி எந்தப் பண்பும் தோன்றுவதில்லை என்று முடித்து, தந்தமில்லாத மக்னா யானையை அதற்குச் சான்றாகக் காட்டியிருந்தது. தருமபுரி மாவட்டப் பள்ளிகளில் பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவள் என்ற முறையில், இந்த முடிவு மாணவர் மனத்தில் அப்படியே பதிந்துவிடக் கூடாது என்ற அக்கறையோடு இதை எழுதுகிறேன்.

மக்னா எங்கள் பகுதி மக்களுக்குப் புதியதன்று. 2023 பிப்ரவரியில் பாலக்கோடு அருகே விளைநிலங்களில் புகுந்த மக்னா ஒன்றை வனத்துறையினர் கும்கியின் துணையோடு பிடித்து டாப்சிலிப் வனப்பகுதியில் விட்டதும், அது அங்கிருந்து வெளியேறிக் கோவை வரை நடந்து வந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தந்தத்துக்காகக் கொல்லப்படாமல் தப்பவே இந்த யானைகளுக்குத் தந்தம் இல்லாமல் போயிற்று என்கிறது கட்டுரை. இந்த விளக்கத்துக்கு வலுவான ஆதாரம் உள்ள இடம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. மொசாம்பிக் நாட்டின் கொரொங்கோசா தேசியப் பூங்காவில், 1977 முதல் 1992 வரை நீடித்த உள்நாட்டுப் போரின்போது யானைகள் பெருமளவில் கொல்லப்பட்டன. போருக்கு முன்பு பெண் யானைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்த தந்தமற்றவை, போருக்குப் பின் எஞ்சியவற்றுள் ஏறத்தாழப் பாதியாக இருந்தன. அதற்குக் காரணமான மரபணு மாற்றம் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதாகவும், அதைப் பெறும் ஆண் கருக்கள் பிழைப்பதில்லை என்றும் 2021-இல் வெளியான ஆய்வு கண்டது. ஆகவே அங்கே தந்தமின்றி இருப்பவை பெண் யானைகள்.

நம் காட்டில் நிலைமை வேறு. ஆசிய யானைகளில் பெண்ணுக்குப் பொதுவாகவே வெளியே நீண்ட தந்தம் கிடையாது. மக்னா என்று நாம் அழைப்பது தந்தமில்லாத ஆண் யானையை. கொரொங்கோசாவில் ஆண் கருவைப் பிழைக்கவிடாத ஒரு மாற்றத்தைக் கொண்டு, தேன்கனிக்கோட்டைக் காட்டில் திடகாத்திரமாக நடமாடும் ஆண் மக்னாவை எப்படி விளக்க முடியும்? இலங்கையில் ஆண் யானைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை தந்தமற்றவை. நெடுங்காலமாகத் தந்தமுள்ள ஆண்கள் வேட்டையாடப்பட்டும் பிடிக்கப்பட்டும் குறைந்ததால் இந்நிலை வந்திருக்கலாம். அல்லது தீவில் ஒரு காலத்தில் இருந்த சிறிய யானைக்கூட்டத்தில் தற்செயலாகவே இப்பண்பு பெருகியிருக்கலாம். எண்ணிக்கை சிறுத்த கூட்டத்தில், நன்மையோ தீமையோ செய்யாத பண்புகூட வெறும் வாய்ப்பினால் பரவிவிடும் என்பதை மரபியல் நகர்வு என்ற பெயரில் மேல்வகுப்பு மாணவர்கள் படிக்கிறார்கள். இந்த இரண்டாவது வாய்ப்பைக் கட்டுரை ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை என்பதே என் வருத்தம்.

இத்தகைய அவசரத்தைக் குறித்து டார்வினே எச்சரித்திருக்கிறார். 1859-இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ என்ற தம் நூலில் அவர் இரண்டு அழகான எடுத்துக்காட்டுகளைத் தருகிறார். பிணந்தின்னிக் கழுகின் தலையில் இறகில்லாமல் இருப்பது, அழுகிய இறைச்சிக்குள் தலையை நுழைத்துத் தின்பதற்கான தகவமைப்பு என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் தூய்மையான தீனி தின்னும் ஆண் வான்கோழியின் தலையும் அப்படித்தானே மொட்டையாக இருக்கிறது என்று அவர் கேட்டார். அவ்வாறே, குழந்தையின் மண்டை ஓட்டு எலும்புகள் ஒன்றோடொன்று இறுகாமல் இடைவெளியோடு இருப்பது பிரசவத்தை எளிதாக்குகிறது, ஒருவேளை இன்றியமையாததாகவும் இருக்கலாம். ஆயினும் முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளிவந்தாலே போதும் என்றிருக்கும் பறவைக்குஞ்சுக்கும் ஊர்வனவற்றின் குஞ்சுக்கும் அந்த இடைவெளி உண்டு என்பதால், அது பிரசவத்துக்காகத் தோன்றியது என்று சொல்ல இயலாது என்றார். இன்று ஒரு வேலைக்கு உதவும் பண்பு அந்த வேலைக்காகவே உருவானதாக இருக்க வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக வகுப்பறையில் விளக்க எனக்கு வேறு வழி கிடைத்ததில்லை. பிழைக்க உதவும் பண்புகளே தலைமுறைதோறும் பெருகுகின்றன என்னும் இயற்கைத் தேர்வுக்குத் தாம் முன்பு அளவுக்கு மீறி இடம் கொடுத்திருக்கலாம் என்று 1871-இல் அவரே எழுதவும் செய்தார்.

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளிலும் இதைக் காணலாம். பெங்களூரா மாங்காயின் நுனியில் கிளிமூக்கு போன்ற வளைவு இருக்கிறது. ஒட்டுக்கன்று கட்டும்போது தாய்மரத்தின் எல்லாப் பண்புகளும் சேர்ந்தே வருகின்றன. விளைச்சலையும், கூழ் தொழிற்சாலைகளில் அதற்குள்ள தேவையையும் கருதி விவசாயி அந்த மரத்தைத் தேர்ந்தெடுக்கிறார், மூக்கு உடன் வந்துவிடுகிறது. இங்கே தேர்ந்தெடுப்பது மனிதர் என்றாலும், ஒரு பண்பு தேர்வாகும்போது அதோடு பிணைந்த வேறு பண்புகளும் ஒட்டிக்கொண்டு பரவும் என்பது காட்டுயிர்களுக்கும் பொருந்தும். இரத்தம் சிவப்பாக இருப்பதும் அப்படியே. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமப்பதற்காகத் தேர்வானது. நிறம் அதன் வேதியியல் விளைவு.

மூலக்கூறு அளவில் நிகழ்ந்து நிலைபெறும் மரபணு மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் தீமையும் அற்றவை என்ற கோட்பாட்டை ஜப்பானிய அறிஞர் மோட்டோ கிமுரா 1968-இல் முன்வைத்ததையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும்.

இவற்றால் இயற்கைத் தேர்வின் பெருமை ஒரு துளியும் குறையாது. இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளையச் செய்யும் அரிவாள் செல் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு மலேரியாவின் கடுமை குறைகிறது என்பதை 1954-இல் மரபியல் ஆய்வாளர் அந்தோணி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டியபோது, மலேரியா மிகுந்த பகுதிகளில் அந்த மரபணு மிகுந்திருப்பதையும், அதைப் பெற்றவரின் இரத்தத்தில் கிருமி குறைவதையும் ஆராய்ந்தே சொன்னார். பயன் உண்டு என்பதை இப்படித்தான் நிறுவ வேண்டும். பயனில்லை என்பவருக்கும் இதே கடமை உண்டு. பயனற்ற எச்சம் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட குடல்வால், நோய் எதிர்ப்புத் திசு நிறைந்த உறுப்பு என்று இப்போது அறிகிறோம்.

பண்பைக் கொடுத்து அதன் பயனைக் கேட்கும் வினாக்களும், அவற்றுக்கு ஆயத்த விடை தரும் கையேடுகளும் ஏற்கெனவே மாணவர்களை ஊகத்தை உண்மையென எழுதப் பழக்கியிருக்கின்றன. நாளிதழின் அறிவியல் பக்கமும் அதே பழக்கத்தை வளர்க்கலாகாது. எனவே ஒரு பண்புக்கு விளக்கம் தரும்போது, அது ஆய்வில் சோதிக்கப்பட்டதா, இல்லை அறிஞர்களின் கருதுகோளா என்பதை அந்த வரியிலேயே குறிப்பிடுமாறும், மக்னா குறித்த விளக்கத்தை யானை ஆராய்ச்சியாளர் ஒருவரைக் கொண்டு அதே மாணவர் பகுதியில் மீண்டும் எழுதச் செய்யுமாறும் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.