மெருகேற்றும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்

பழைய வெள்ளிப் பாத்திரங்களையும் மரப்பெட்டிகளையும் பழுதுபார்த்து, மெருகேற்றித் தருபவர்களுக்கு வணக்கம்.

தேய்த்துப் பளபளப்பாக்கும் பஃபிங் சக்கரம் வெள்ளியை என்ன செய்யும், உப்புத்தாள் மரத்தை என்ன செய்யும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். கைவைக்கும் முன் உரிமையாளரிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்பதில்லை?

போன மாதம் பாட்டியின் மரப்பெட்டியை உங்களில் ஒருவரிடம் கொடுத்தேன். மூடியின் கீல் ஒன்று கழன்றிருந்தது, அவ்வளவுதான். உள்ளே ஆறு வெள்ளிக் கரண்டிகள் இருந்தன. அவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பெட்டி திரும்பி வந்தபோது கீல் சரியாக இருந்தது. கூடவே கரண்டிகளும் கண்ணாடிபோல மின்னின.

ஒவ்வொரு கரண்டியின் பின்பக்கத்திலும், இங்கிலாந்து வெள்ளியில் குத்தும் நான்கு சின்ன முத்திரைகள் இருந்தன. நடக்கும் சிங்கம், ஊர் முத்திரை, செய்தவரின் எழுத்துகள், ஆண்டைக் குறிக்கும் ஒற்றை எழுத்து. சிங்கம் இருந்தால் ஸ்டெர்லிங், அதாவது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. இப்போது சிங்கம் ஒரு மேடாகத் தெரிகிறது. ஆண்டெழுத்து ஒரு கரண்டியில்கூட இல்லை. அதை என்றாவது ஒருநாள் பட்டியலோடு ஒப்பிட்டு, எந்த வருடத்தில் செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். படம்கூட எடுத்து வைக்கவில்லை. இனி அந்த வருடம் எனக்குத் தெரியப்போவதில்லை. தேய்ந்துபோன வெள்ளியை யாரும் திரும்ப ஒட்ட முடியாதே.

பெட்டியையும் விடவில்லை. அதன் மேல் இருந்தது அரக்கு மெருகு. மூடியைத் தூக்கும் இடத்தில் பாட்டியின் விரல்கள் பட்டுப் பட்டு நிறம் மாறியிருக்கும். அதை இழைத்து எடுத்துவிட்டு, கெட்டியான வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். மூலையில் மேலே ஒட்டியிருந்த மெல்லிய மரத்தகடு தேய்ந்து அடிமரம் தெரிகிறது. "புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்று சொல்லி, கரண்டிகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டித் தந்தார்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்பது உங்கள் தொழிலில் அடிப்படைப் பாடம் இல்லையா?

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. வெள்ளி முலாம் பூசிய பாத்திரங்களைச் செம்பு தெரியும்வரை தேய்த்துத் தருகிறார்கள். செதுக்கிய பூ வேலையில் பள்ளத்தில் தங்கிய கருமைதான் பூவை எடுத்துக்காட்டும். அதையும் திரவத்தில் முக்கி வெளுத்துவிடுகிறார்கள். அழுக்கு வேறு, வயது வேறு. இரண்டையும் ஒரே துணியால் துடைக்கிறீர்கள். பளபளப்பைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரி, விரும்புபவர்களுக்குச் செய்து கொடுங்கள். கேட்காதவர் பொருளில் ஏன் செய்கிறீர்கள்?

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது பெரிய விஷயம் இல்லை. பொருளை வாங்கும்போதே என்ன செய்யப்போகிறீர்கள் என்று ரசீதில் எழுதுங்கள். முத்திரை இருந்தால் அதைப் படம் எடுத்துக் காட்டுங்கள். எழுதாத எதையும் தொடாதீர்கள். நடுவில் வேறு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கேட்ட பிறகு செய்யுங்கள்.

என்னிடம் இன்னொரு பெட்டி இருக்கிறது. மூடியில் கிளிஞ்சல் பதித்தது. பூட்டு திறக்கவில்லை. கேட்டுவிட்டுக் கைவைப்பவர் உங்களில் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், கொண்டு வந்து தருகிறேன்.