செயலியை நீக்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆன்லைன் மோசடி பற்றி எழுதும்போதெல்லாம் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள் என்று மறக்காமல் போடுகிறீர்கள். போன மாதம் எங்களுக்கே அது உதவியது. வங்கிக்கும் சொல்லி, பணம் போவதற்குள் அப்பாவின் கணக்கை முடக்கிவிட்டோம். ஆனால் மோசடிக்காரன் புகுந்த கணினியை அப்புறம் என்ன செய்வது என்று யாரும் எழுதுவதில்லை.

மின் கட்டணம் பாக்கி என்று போனில் பேசியவன் சொல்லச் சொல்ல, அப்பா மடிக்கணினியில் எங்கிருந்தோ ஒருவர் நம் கணினியை இயக்க வழிவிடும் ஒரு ரிமோட் செயலியை இறக்கியிருக்கிறார். திரையில் அம்பு தானாக நகர்வதைப் பார்த்து அம்மாதான் வைஃபை சுவிட்சை அணைத்தார். அதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. அப்பா செயலியை நீக்கினார். பழுதுபார்க்கும் கடையிலும் சோதித்துவிட்டு, ‘வைரஸ் ஒன்றும் இல்லை’ என்று கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ (விலக்குகள்) என்று ஒரு பகுதி உண்டு. வைரஸ் சோதனை எந்த ஃபோல்டரைத் தொடக் கூடாது என்று அங்கே குறித்து வைக்கலாம். அப்படி ஒன்று இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது. திறந்து பார்த்தால், விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் முழுவதும் அங்கே சேர்க்கப்பட்டிருந்தது! இப்படி இருந்தால் எத்தனை முறை சோதித்து என்ன பயன்? போதாக்குறைக்கு, அப்பா உருவாக்காத ஒரு யூசர் கணக்கு, கணினியில் எதையும் மாற்றக்கூடிய அட்மின் உரிமையோடு. நிரல்களைத் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில், கணினியைத் திறக்கும்போதெல்லாம் ஓடும்படி ஒரு புரியாத பெயர்.

அந்த விலக்கை எடுத்துவிட்டு ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுத்தேன். விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே இது ஓடுவதால், உள்ளே பதுங்கியிருப்பது எளிதில் தப்ப முடியாது. கால் மணி நேரத்தில் இரண்டு கோப்புகள் அகப்பட்டன. அதற்குப் பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பார்த்ததையெல்லாம் போனில் படம் எடுத்துப் புகாரோடு சேர்த்தோம். புகைப்படங்களையும் ஆவணங்களையும் மட்டும் காப்பாற்றிக்கொண்டு, டிஸ்க்கை அழித்து, வேறு கணினியில் தயார் செய்த பென்டிரைவிலிருந்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன்.

பாஸ்வேர்டுகளை அப்பா முதல் நாளே மாற்றியிருந்தார், அதே மடிக்கணினியில்! தட்டுகிற எழுத்தையெல்லாம் திருடி அனுப்பும் நிரல்கள் உண்டு. என் போனிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி மாற்றி, ஜிமெயிலில் மற்ற கருவிகளையெல்லாம் வெளியேற்றிய பிறகுதான் நிம்மதியானேன்.

மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இணையதளத்தில் இலவசச் சோதனைக் கருவிகளே கிடைக்கின்றன. பக்கத்து வீடுகளில் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த முறை மோசடிச் செய்தி போடும்போது, இந்த வழிகளையும் தமிழில் படங்களோடு அரைப் பக்கம் போடுங்கள். பெரியவர்கள் வெட்டி வைத்துக்கொள்வார்கள். உங்கள் பத்திரிகையிலிருந்து அம்மா வெட்டிய 1930 துண்டு, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில்தான் ஒட்டியிருந்தது.

– தங்கள் வாசகி, கும்பகோணம்