ரிசார்ட் கல்யாணம்: வசந்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வசந்தி,

மகளுக்குக் கல்யாணம் முடிவான செய்தியைப் படித்ததும் உன் கடிதத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். மீதி பூராவும் ஒரே புலம்பல்! கடலோர ரிசார்ட்டாம், இரண்டு வீட்டாருக்கும் சம்பந்தமே இல்லாத ஊராம், "இதுகளுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண் ஒரு நாட்டில், மாப்பிள்ளை ஒரு நாட்டில், சொந்தபந்தம் நாலு திசையில். எந்த ஊரில் வைத்தாலும் பாதிப் பேருக்கு அது வெளியூர்தானே.

ஊர் விட்டு ஊர் போய்க் கல்யாணம் செய்துகொள்வது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. இங்கிலாந்தில் 1754-இல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. 21 வயது ஆகாதவர்கள் பெற்றோர் சம்மதமில்லாமல் மணம் முடிப்பது அதோடு கஷ்டமாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. எல்லையைத் தாண்டினால் கிரெட்னா கிரீன் என்ற கிராமம். காதல் ஜோடிகள் வண்டி பிடித்து அங்கே ஓடி, கொல்லன் பட்டறையில் சாட்சிகளை நிறுத்திக் கல்யாணம் செய்துகொண்டன. 1856-இல் இன்னொரு சட்டம் போட்டு, இருவரில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருந்தால்தான் செல்லும் என்றார்கள். உன் பெண் உன்னையும் கூட்டிக்கொண்டு ஓடுகிறாள். சந்தோஷப்படு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் தம்பி மகன் கல்யாணம் ரிசார்ட்டில்தான் நடந்தது. ஒப்பந்தம், கணக்கு, அறைப் பட்டியல் எல்லாம் என் தலையில் விழுந்தன. அதனால் யாரும் கேட்காமலேயே யோசனை சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது. நீயோ கேட்டே இருக்கிறாய்.

நீ அனுப்பிய ரிசார்ட் படங்கள் எல்லாமே அழகுதான். கொஞ்ச நாள் அவற்றை மூடி வை. யார் வராவிட்டால் உன் பெண்ணுக்கு அது கல்யாணமாகவே இருக்காதோ, அவர்கள் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுது. பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள். தேதியும் இடமும் முடிவாகும் முன்பே அவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசிவிடு. விமானத்தில் உட்கார்ந்து வர உடம்பு ஒத்துழைக்குமா, லீவு எப்போது கிடைக்கும், பிள்ளைகளுக்குப் பரீட்சை எப்போது என்று கேள். பாஸ்போர்ட்டையும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கச் சொல். உள்ளே வரும் தேதியிலிருந்து இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. நாலு மாதம் இருக்கிறதே, போதாதா என்று விமான நிலையத்தில் நின்று வாதாடிப் பயனில்லை.

உள்ளூர்க் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் ஒரு வேளையைக் கேட்கிறோம். ரிசார்ட்டுக்குக் கூப்பிட்டால் அவர்களுடைய லீவையும் டிக்கெட் காசையும் சேர்த்துக் கேட்கிறோம். மற்றதெல்லாம் எப்படியும் நடந்துவிடும், இதுதான் மனத்தாங்கலில் கொண்டுபோய் விடும். ஆகவே எந்தச் செலவு உங்களுடையது, எது அவர்களுடையது என்று முதல் அழைப்பிலேயே பச்சையாக எழுதிவிடு. "அறை எங்கள் பொறுப்பு, பயணம் உங்கள் பொறுப்பு" என்று எழுதினால் யாருக்கும் கோபம் வராது. சொல்லாமல் விட்டு, செக்-அவுட் நேரத்தில் கவுண்டரில் பில்லை நீட்டினால்தான் வரும். வர முடியவில்லை என்பவரிடம் காரணம் கேட்காதே. காசு என்று சொல்லக் கூச்சப்பட்டு முதுகுவலி என்பார்கள். முதுகுவலியாகவே இருந்துவிட்டுப் போகட்டும். பிறகு ஒரு நாள் வீட்டில் அவர்களைக் கூப்பிட்டு ஒரு சாயங்காலம் பேசிக்கொண்டிருந்தால் போதும்.

சட்டப் பதிவையும் அங்கேயே செய்யலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பது என் கட்சி. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கணக்கு. பிரான்ஸில் ஜோடியில் ஒருவருக்கோ அவர் பெற்றோருக்கோ அந்த ஊரோடு வசிப்பிடத் தொடர்பு இருக்க வேண்டும். அதற்கு மேல் 10 நாள் அறிவிப்பு ஒட்டி வைக்க வேண்டும். இந்தோனேசியாவில் ஏதாவது ஒரு மதத்தின் முறைப்படி நடந்தால்தான் கல்யாணம். மெக்சிகோவில் நேர்மாறு; சிவில் பதிவுக்குத்தான் சட்ட மதிப்பு, மதச் சடங்கு கணக்கில் வராது. இதோடு பிறப்புச் சான்றிதழ், ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்ற சான்று, அவற்றின் மொழிபெயர்ப்பு, அபோஸ்டில் முத்திரை என்று காகிதம் சேர்ந்துகொண்டே போகும். (அந்த முத்திரை 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் வந்தது. அதில் சேர்ந்த நாடுகள் ஒன்றின் பத்திரத்தை மற்றொன்று ஏற்க அது ஒன்று போதும். அது இல்லாத காலத்தில் தூதரகம் தூதரகமாக அலைந்திருப்பார்கள், பாவம்.) இருவரில் ஒருவர் வசிக்கும் ஊரில் சத்தமில்லாமல் பதிவை முடித்துவிட்டு, விழாவை மட்டும் ரிசார்ட்டில் வைப்பது பலருடைய வழக்கம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: சான்றிதழில் இருப்பது பதிவு நாள். விசா படிவத்தில் கல்யாணத் தேதி என்று கேட்டால் அதைத்தான் எழுத வேண்டும், ஆல்பத்தில் இருக்கும் தேதியை அல்ல.

இனி ஒப்பந்தம். உனக்குத் தூக்கம் வரும் என்று தெரியும், ஆனாலும் படி.

"ரூம் பிளாக்" என்பார்கள், உங்களுக்கென்று ஒதுக்கி வைக்கும் அறைகள். 40 அறை கேட்கிறாய் என்று வை. அதில் 80 சதவீதமாவது நிரம்ப வேண்டும் என்று ஒரு ஷரத்து இருக்கும். அப்படியானால் 32 அறை. வந்தவர்கள் 27 அறையில்தான் தங்கினார்கள் என்றால், காலியாகக் கிடந்த 5 அறைக்கும் பணம் உன் கையிலிருந்து போகும். ஆசைக்கு 40 கேட்காதே. வருவது உறுதியான ஆட்களை எண்ணி அதற்குக் கேள். பிறகு ஆள் கூடினால் அதே விலைக்கு இன்னும் சில அறை தருவார்களா என்பதையும் எழுத்தில் வாங்கு. மீதமிருக்கும் அறைகளை எந்தத் தேதியில் அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்றும் அதில் இருக்கும். பல இடங்களில் அது விழாவுக்கு ஒரு மாதம் முன்பு. விருந்தினருக்கு நீ சொல்லும் கெடு அதற்கும் இரண்டு வாரம் முந்தியதாக இருக்கட்டும். கடைசி நாள் வரை இழுத்தடிக்கும் ஆள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. உங்கள் வீட்டில் அது யார் என்று நான் சொல்லவே வேண்டாம்.

விலைக்குப் பக்கத்தில் "பிளஸ் பிளஸ்" என்று போட்டிருந்தால் வரியும் சர்வீஸ் சார்ஜும் அதற்கு மேலே வரும் என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லச் சொல். வெளியிலிருந்து போட்டோகிராபரையோ அலங்காரக்காரரையோ கூட்டி வந்தால் தனிக் கட்டணம் போடும் ரிசார்ட்டுகள் உண்டு. ஒலிபெருக்கியை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், அதன் பிறகு உள்ளே ஹாலில் தொடரலாமா என்பதையும் கேள். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற பக்கத்தை இரண்டு தடவை படி. விழா நெருங்க நெருங்கப் பிடிக்கும் விகிதம் ஏறிக்கொண்டே போகும்.

நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காமல் எழுதி வாங்கச் சொல்வது, அன்றைக்கு அங்கே வேறு நிகழ்ச்சி உண்டா என்பதை. தம்பி மகன் கல்யாணத்தில் (ரிசார்ட் பெயர் வேண்டாம்) பக்கத்துப் புல்வெளியை அதே மாலை ஒரு கம்பெனி விருந்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஜோடி எழுந்து நின்று, பையன் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்துப் பிரித்து, "உன்னை முதலில் பார்த்த நாளில்" என்று தொடங்கினான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ." பையன் நிறுத்தினான். அதுவும் நின்றது. பையன் தொடங்கினான். அதுவும் தொடங்கியது. எல்லோரும் சிரித்தோம், வேறு என்ன செய்வது? என் தம்பி மனைவிக்கு மட்டும் இன்றுவரை சிரிப்பு வரவில்லை. மேனேஜரிடம் போய்க் கேட்டால், "ஒப்பந்தத்தில் உங்கள் புல்வெளி மட்டும்தானே இருக்கிறது" என்றார். ஆகவே எழுதி வாங்கு. கட்டுமான வேலை, பழுதுபார்ப்பு எதுவும் அந்த நாட்களில் நடக்காது என்பதையும் சேர்த்து.

இடத்தை யாராவது ஒருத்தர் நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். பார்க்கப் போகிறவர் உன் வீட்டில் மெதுவாக நடப்பவர் யாரோ அவரை மனதில் வைத்து நடக்கட்டும். அறையிலிருந்து கடற்கரை வரை கூழாங்கல் பாதையா, படியா? சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை என்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பலகையைச் சாய்த்து வைத்து "ரேம்ப் இருக்கிறது மேடம்" என்பார்கள், நம்பாதே. பேட்டரி வண்டியில் கூட்டிப்போவோம் என்று சொன்னால், எத்தனை வண்டி என்று கேள். 6 பேர் உட்காரும் ஒரே வண்டி, போய்வர 5 நிமிடம், 80 விருந்தினர் என்றால் 14 நடை, 70 நிமிடம். முதல் நடையில் போனவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் உட்கார்ந்திருப்பார். மலை ரிசார்ட் என்ற பேச்சும் இருப்பதாக எழுதியிருந்தாய். 2,500 மீட்டருக்கு மேல் போனால் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். வந்த அன்றே விழா வைக்கக் கூடாது.

கடலோரம் என்றால் கடலிடமும் தேதி கேட்க வேண்டும். அட்லாண்டிக் புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. செப்டம்பர் 10-ஐ ஒட்டி உச்சம். கரீபியன் பக்கம் அந்த மாதங்களில் விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். காப்பீடு எடுப்பதானால் ஆரம்பத்திலேயே எடு. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் பாலிசி அந்தப் புயலுக்குப் பொதுவாக உதவாது. அப்புறம் ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது. ஓதம் ஏறும் நேரம் நாளுக்குநாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் இன்னும் மேலே வரும். நீங்கள் போய்ப் பார்த்த நாளில் அகலமாகக் கிடந்த மணல் விழா மாலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அந்தத் தேதிக்கான ஓத அட்டவணையைப் பார்த்து நேரத்தை வை. வெப்ப மண்டலத்தில் சூரியன் மறைந்தால் அரை மணிக்குள் இருட்டிவிடும், அதனால் போட்டோ எல்லாம் அஸ்தமனத்துக்கு முன்பே முடிய வேண்டும். கடல் காற்று பிற்பகலில்தான் பலமாக அடிக்கும். மைக்குக்குப் பஞ்சு உறை போடச் சொல், இல்லாவிட்டால் வீடியோவில் காற்றுதான் பேசும்.

கடற்கரை ரிசார்ட்டுக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்ளாதே. ஹவாயிலும் மெக்சிகோவிலும் கடற்கரை பொதுச் சொத்து. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு யாராவது பின்னால் நடந்து போவார், அவரைப் போகாதே என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மழைக்கு மாற்று இடம் எது என்று கேட்டு, அந்த ஹாலையும் போய்ப் பார். அது பிடிக்கவில்லை என்றால் அந்த ரிசார்ட்டே வேண்டாம். மாற்றுவதா வேண்டாமா என்று அன்று முடிவெடுப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும், அந்த ஆள் நீயாக இருக்காதே.

நிகழ்ச்சி நிரலைப் பற்றி ஒரு வார்த்தை. விருந்தினருக்குப் பொழுது போக வேண்டுமே என்று காலை முதல் இரவு வரை எதையாவது திணிக்காதே. ஒரு பாதி நாளைச் சும்மா விட்டுவிடு. தம்பி மகன் கல்யாணத்தில் பேசாமலிருந்த இரண்டு பெரியவர்கள் மறுபடி பேசிக்கொண்டது எந்த நிகழ்ச்சியிலும் இல்லை, நீச்சல்குளத்துப் பக்கம் வேலையற்று உட்கார்ந்திருந்தபோதுதான்.

இங்கே எல்லோரும் சுகம். கண் அறுவை முடிந்து எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது, இத்தனை நீளமாக எழுதுவதும் அந்தக் குஷியில்தான். இவர் ஓய்வு பெற்ற பிறகு வீட்டு அலமாரி ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறார். அறைப் பட்டியல் போட ஆள் வேண்டுமானால் சொல், சந்தோஷமாக அனுப்பி வைக்கிறேன்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்பு. முழுதாக முடியாவிட்டால் ரத்து பற்றிய பக்கத்தையும் அறைகள் பற்றிய பக்கத்தையும் மட்டுமாவது அனுப்பு. பெண்ணிடம் நான் கேட்டதாகச் சொல். தேதி எதுவானாலும் நான் வருகிறேன், என் டிக்கெட் என் பொறுப்பு.

அன்புடன்,
சுமதி