எந்தக் கணிதம் என்று நீ கேட்ட கேள்விக்கு

டப்போ, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியா
23 ஜூலை 2023

அன்பு மகளுக்கு,

வியாழக்கிழமை இரவு தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்கான மறுமொழி சொல்லவில்லை. பதினோராம் ஆண்டுக்கான பாடத் தெரிவுப் படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலம், உயிரியல், இரசாயனவியல், புவியியல், தமிழ் ஆகிய ஐந்துக்கும் தயங்காமல் புள்ளடி போட்டுவிட்டதாகவும், கணிதத்துக்கு நேரே மட்டும் பென்சிலை வைத்தபடி இருப்பதாகவும் சொன்னாய். நான் வேலைக் களைப்பில், "உன்னுடைய சிநேகிதிகள் எடுப்பதையே எடு, பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது பிழை. இன்று ஞாயிற்றுக்கிழமை, கையில் நேரம் இருக்கிறது. ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன்.

அதற்கு முன்னர் செய்த ஒரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். சென்ற மாதம் சிட்னியின் ரூங்காபியில் உறவினர் வீட்டு விசேஷத்தில், மாமாமார் தங்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்கள் மகள் நாலு யூனிற் கணிதம்தான் செய்வாள்" என்று உன் முன்னிலையிலேயே சொன்னேன். நீ சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி பேசாமல் இருந்தாய். உன்னிடம் ஒரு சொல் கேட்காமல் உன் இரண்டு வருட உழைப்பை ஊருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வாக்கு உன்னைக் கட்டாது. மாமாமாருக்கு நான் சொல்லிக்கொள்வேன்.

எச்.எஸ்.சி. என்னும் பன்னிரண்டாம் ஆண்டு இறுதிப் பரீட்சைக்கான கணிதப் பாடங்களை ஓர் ஏணியின் படிகளைப் போலவும், மேற்படியில் நிற்பவர் கெட்டிக்காரர், கீழ்ப்படியில் நிற்பவர் மட்டம் என்பது போலவும் எங்களுடைய ஆட்கள் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. ஸ்ராண்டர்டும் அட்வான்ஸ்டும் தலா 2 யூனிற் கொண்ட தனித்தனிப் பாடங்கள் (யூனிற் என்பது பாடத்தின் அளவைக் காட்டும் அலகு). எக்ஸ்ரென்ஷன் 1 என்பது பதினோராம் ஆண்டில் அட்வான்ஸ்டோடு சேர்த்து எடுக்கும் மேலதிக 1 யூனிற். எக்ஸ்ரென்ஷன் 2 பன்னிரண்டாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. நாலு யூனிற் என்றால் இந்த இரண்டு எக்ஸ்ரென்ஷனையும் எடுப்பதுதான். ஆகவே விழாவில் நான் பெருமையாகச் சொன்ன நாலு யூனிற்றுக்கு இந்தப் படிவத்தில் பெட்டியே கிடையாது.

ஸ்ராண்டர்டுக்கும் அட்வான்ஸ்டுக்கும் உள்ள வேறுபாட்டை நில அளவை செய்யும் என் தொழிலிலிருந்தே காட்டுகிறேன். இங்கே மக்குவாரி ஆற்றோரத்தில் ஒரு காணித்துண்டின் பரப்பை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள். ஒரு பக்கத்தில் வேலி நேராக இருக்கும். மறுபக்கத்தில் ஆறு தன் போக்கில் வளைந்து போகும். வேலியோரமாக 10 மீற்றருக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலிருந்தும் கரை வரைக்கும் அளந்தால், காணி ஏறத்தாழச் சரிவகங்களாகப் பிரிந்துவிடும். அவற்றின் பரப்புகளைக் கூட்டினால் கணக்கு முடிந்தது. இந்தச் சரிவக விதி ஸ்ராண்டர்டிலும் உண்டு, அட்வான்ஸ்டிலும் உண்டு. ஸ்ராண்டர்ட் படித்த பிள்ளை காணியை அளந்து சரியான விடையைச் சொல்லிவிடும். அட்வான்ஸ்டில் அதற்கு மேல் ஒரு கேள்வி வரும்: முளைகளை 5 மீற்றருக்கு ஒன்று, 1 மீற்றருக்கு ஒன்று என்று நெருக்கிக்கொண்டே போனால், அந்த விடை எதை நோக்கிப் போகிறது? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனால் தொகையீட்டுக்கு வந்து சேருவாய். தொகையீடும் வகையீடும் அடங்கிய நுண்கணிதம் ஸ்ராண்டர்டில் இல்லை. அட்வான்ஸ்டின் முதுகெலும்பே நுண்கணிதந்தான். வீட்டுக் கடன், வட்டி, ஆண்டுத்தொகை, வலையமைப்பு, புள்ளிவிபரம் என்று ஸ்ராண்டர்டில் படிப்பவை வாழ்நாள் முழுவதும் கைகொடுக்கும் விடயங்கள்; அதை எடுக்கும் பிள்ளையை எவரும் குறைத்துப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். ஆனால் அது வேறு வழி.

சென்ற வாரம் நாங்கள் ஒரு வீதி வளைவுக்கு முளை அடித்தோம். நேராக வரும் வீதியைச் சட்டென்று ஒரு வட்டவில்லோடு பொருத்திவிட முடியாது. பொருத்தினால், அந்த இடத்துக்கு வரும்போது ஓட்டுநர் திசைமாற்றியைத் திடீரென்று வெட்டித் திருப்ப வேண்டியிருக்கும், பாரமேற்றிய லொறி ஒரு பக்கம் சாயும். அதனால் நேர்கோட்டுக்கும் வட்டவில்லுக்கும் இடையில் இன்னொரு வளைவைப் போடுகிறோம். அதில் போகும் தூரத்துக்கு ஏற்ப வளைவு சீராகக் கூடிக்கொண்டே வரும். வாகனத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றின் அளவை மட்டும் பார்க்காமல் அது மாறும் வேகத்தையும் பார்ப்பதைத்தான் வகையீடு சொல்லிக்கொடுக்கிறது. நான் பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறேன். காலை உறைபனியில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி கடைசி முளை சரியாக வந்து விழுவதைப் பார்க்கும்போது இன்னும் மனம் நிறைகிறது.

நீ சேவையராகப் போகிறவள் அல்ல, உளவியல் படிக்க விரும்புகிறாய் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உளவியல் பட்டத்தில் புள்ளிவிபரவியல் நிறைய உண்டு. மணி வடிவ வளைகோடாக வரும் செவ்வன் பரம்பலில், சராசரியிலிருந்து ஒரு நியமவிலகல் (தரவுகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) தூரத்துக்குள் ஏறத்தாழ 68 சதவீதம் அடங்கும் என்பதை ஸ்ராண்டர்டிலும் படிப்பார்கள். அந்த 68 என்பது ஒரு வளைகோட்டின் கீழுள்ள பரப்பு என்பதை அட்வான்ஸ்டில்தான் காண்பாய். அதை ஒரு தடவை கண்டவளுக்குப் பல்கலைக்கழகத்தில் வரும் ஆய்வு அட்டவணைகள் மந்திரம் போலத் தெரியாது.

உன் சிநேகிதி ஒருத்தி, "ஸ்ராண்டர்ட் எடுத்து உயர்ந்த புள்ளி வாங்கினால் ஏட்டார் (பல்கலைக்கழக அனுமதிக்கான தரவரிசை எண்) கூடும்" என்றும், இன்னொருத்தி, "எக்ஸ்ரென்ஷன் எடுத்தால் ஸ்கேலிங்கில் தூக்கிவிடுவார்கள்" என்றும் சொன்னதாகச் சொன்னாய். இரண்டையும் கேட்டுத்தான் நீ தடுமாறுகிறாய் என்று நினைக்கிறேன். ஒரு பாடத்தை எடுத்த மாணவர்கள் தங்கள் எல்லாப் பாடங்களிலும் எவ்வளவு திறமையாகச் செய்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அந்தப் பாடத்தின் புள்ளிகளை ஏற்றி இறக்குகிறார்கள், அதுதான் ஸ்கேலிங். பாடத்தின் பெயருக்கு யாரும் புள்ளியைத் தானம் செய்வதில்லை. மேலும், 2020 முதல் ஸ்ராண்டர்ட் 2 (பன்னிரண்டாம் ஆண்டில் ஸ்ராண்டர்டின் ஒரு பிரிவு) வினாத்தாளிலும் அட்வான்ஸ்ட் வினாத்தாளிலும் சில வினாக்கள் பொதுவாக வருகின்றன. இரண்டு பாடங்களையும் எடுத்தவர்களை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஆகவே இலேசான பாடத்துக்குள் ஒளிந்துகொண்டு புள்ளி சேர்க்கும் வழி அவ்வளவாக இல்லை. அதே போல, எக்ஸ்ரென்ஷனில் தட்டுத்தடுமாறி நிற்கும் ஒரு பிள்ளையை எந்த ஸ்கேலிங்கும் தூக்கி நிறுத்தாது. அங்கே போகும் நேரம் இரசாயனவியலையும் உயிரியலையும் சேர்த்துத்தான் கீழே இழுக்கும்.

பல்கலைக்கழகத்தின் பக்கத்தையும் பார். 2019 முதல் சில வருடங்கள் சிட்னிப் பல்கலைக்கழகம் விஞ்ஞானம், பொறியியல், வர்த்தகம், பொருளியல் போன்ற பல பட்டங்களுக்கு, அட்வான்ஸ்டில் குறைந்தது நான்காம் தரமாவது (ஆறு தரங்களில் ஆறாவதே மிக உயர்ந்தது) வேண்டும் என்று கேட்டது. வேறு சில இடங்களில் அது கட்டாயம் இல்லை. ஆனால் அந்தக் கணிதம் உனக்கு ஏற்கெனவே தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் முதல் விரிவுரையைத் தொடங்குவார்கள். கட்டாயம் இல்லை என்பதற்கும் தேவை இல்லை என்பதற்கும் உள்ள இடைவெளியில் விழுந்து முதலாம் ஆண்டில் அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

இனி உன் கொப்பிக்கு வருகிறேன். நீ அனுப்பிய படத்தை இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். எக்ஸையும் மூன்றையும் கூட்டி அதன் வர்க்கத்தை எழுதச் சொன்ன இடத்தில், நீ எக்ஸ் வர்க்கத்தோடு ஒன்பதைக் கூட்டி எழுதியிருக்கிறாய். அதே பக்கத்தில் இன்னோர் இடத்திலும் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே அது கைதவறி வந்த பிழை அல்ல. எக்ஸுக்குப் பத்தைப் போட்டுப் பார். பதின்மூன்றின் வர்க்கம் 169. உன் முறையில் 109 வருகிறது. அறுபது எங்கே போனது? ஒரு பக்கம் 13 ஆக உள்ள சதுரத்தைக் கீறி, பத்தாவது அலகில் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக இரண்டு கோடுகளைப் போடு. ஒரு பெரிய சதுரம் 100, ஒரு சின்னச் சதுரம் 9, மூலைக்கு மூலை இரண்டு செவ்வகங்கள் தலா 30. அந்த இரண்டு செவ்வகங்களைத்தான் நீ விட்டுவிட்டாய். ஐந்து தசம் மூன்று என்னும் மேல்நிலைக் கணிதப் படிநிலையில் படித்துக்கொண்டு இதை விடலாமா என்று உன்னைக் கண்டிக்க இதை எழுதவில்லை. பதினோராம் ஆண்டில் நுண்கணிதத்தில் இடறும் பிள்ளைகளில் பலரை இடறவைப்பது இப்படிப்பட்ட அட்சரகணிதந்தான். நுண்கணிதத்தின் கருத்து அவர்களுக்கு விளங்கியிருக்கும். செவ்வகங்கள் தொலைந்து போயிருக்கும். இது திருத்தக்கூடியது. கோடை விடுமுறையில் நாளுக்கு அரை மணித்தியாலம் இருந்தால் போதும்.

அந்தப் பக்கத்தில் இன்னொன்றையும் கண்டேன். கடைசிக் கணக்கை மூன்று தடவை வெட்டி, நாலாவது தடவை ஓரத்தில் சின்ன எழுத்தில் செய்து சரியாக முடித்திருக்கிறாய். அந்தக் கணக்கை ஆசிரியர் கொடுக்கவில்லை, அடுத்த பக்கத்திலிருந்து நீயாக எடுத்தது என்று சொன்னாய். நான் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் நான் உயர்தரம் படித்த காலத்தில் நான்கு பாடங்கள் இருந்தன: தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். கணிதப் பிரிவுக்குப் போ என்று அப்பப்பா சொன்னார், போனேன். மின்சாரம் இல்லை, ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் பழைய வினாத்தாள்களை வரிக்கு வரி பாடமாக்கினேன். பாடமாக்கியவை எனக்கு விளங்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை, வகுப்பில் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. பரீட்சையில் கப்பிக் கணக்கைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்தார்கள். விசையை எந்தப் பக்கம் குறிப்பது என்று தெரியாமல் அரை மணித்தியாலம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரயோக கணிதம் கைவிட்டது. அடுத்த வருடம் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. பாடம் கடினமாக இருந்தது உண்மைதான். ஆனால் பிறர் தெரிந்து தந்த பாடத்தில் விளங்கவில்லை என்று வாய்திறக்க வெட்கப்பட்டதுதான் என்னை விழுத்தியது. நீ வெட்கப்படாமல் கேட்கிறாய், தானாக அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறாய். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அட்வான்ஸ்ட் பொருந்தும் என்பது என் எண்ணம்.

எக்ஸ்ரென்ஷன் 1 பற்றி நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சேர்மானங்கள், பல்லுறுப்பிகள், தொகுத்தறி முறை நிறுவல், திசையும் பருமனும் கொண்ட காவிகள் என்று அழகான விடயங்கள் அங்கே இருக்கின்றன. அவற்றை ஏட்டாருக்காக மட்டும் படிப்பது வீண். உன் ஆறு பாடங்களோடு ஏற்கெனவே 12 யூனிற் வந்துவிட்டது. பதினோராம் ஆண்டுக்கு அதுவே போதும், பன்னிரண்டில் 10 போதும். எக்ஸ்ரென்ஷனைச் சேர்த்தால் 13 ஆகும், காலை ஏழரைக்கு வகுப்பு இருக்கும். எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, தேவையான 12 யூனிற்றுக்கும் குறையாது. அட்வான்ஸ்டிலிருந்து ஸ்ராண்டர்டுக்கு இறங்குவதும் நடக்கக்கூடியது. ஸ்ராண்டர்டில் தொடங்கிவிட்டு நடுவில் அட்வான்ஸ்டுக்கு ஏறுவதுதான் மிகவும் கடினம், ஏனென்றால் தவறவிட்ட நுண்கணிதத்தைத் தனியாக இருந்து படிக்க வேண்டியிருக்கும். என் கணிப்பில், அட்வான்ஸ்டுக்குப் புள்ளடியைப் பேனாவால் போடு. எக்ஸ்ரென்ஷனுக்கு உன் கணித ஆசிரியரிடம் நேரே போய், "நான் சமாளிப்பேனா?" என்று கேட்காமல், "எனது அட்சரகணிதத்தில் எது பலவீனம்?" என்று கேள். அவர் சொல்லும் மறுமொழியைக் கேட்ட பிறகு நீயே தீர்மானி. அது எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் புறப்படுகிறேன், இரவு பத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். படிவத்தை நீ நிரப்பி வை. பெற்றோர் கையொப்பத்தை அதற்குப் பிறகு போடுகிறேன். சதுரத்தையும் இரண்டு செவ்வகங்களையும் கீறி, புதன்கிழமைக்கு முன்னர் படம் எடுத்து அனுப்பு. அம்மம்மாவின் மூட்டுத் தைலம் இங்கே கிடைத்தது, கொண்டுவருகிறேன் என்று அவரிடம் சொல்.

அன்புடன்,
அப்பா