லின் போன பிறகு பந்தை யார் கொண்டுவருவது?

குயின்ஸ், நியூயார்க்
20 ஜூலை 2012

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம், அங்கே அனைவரின் நலமறிய ஆவல். தங்கள் கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது. போனில் அம்மா பேசி முடிப்பதற்குள் கார்டில் காசு தீர்ந்துவிடுகிறது, ஆகையால் கூடைப்பந்தைப் பற்றி நாம் கடிதத்தில்தான் பேச வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். இத்தனை மாதங்கள் நான் ஒன்றும் எழுதாமல் இருந்ததற்கு வருத்தப்பட வேண்டாம். வேலை இடத்தை மாற்றிக்கொண்டேன். இப்போது இரவு வேலை, பகல் முழுவதும் ஓய்வு என்பதால் இனி ஒழுங்காக எழுதுவேன்.

ஹூஸ்டன் அணிக்காரர்கள் நம் நியூயார்க் நிக்ஸ் அணியின் ஜெரமி லின்னைக் கேட்பதாகப் பேப்பரில் பார்த்ததாகவும், நியூயார்க் அவரை விடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். விட்டுவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்த இளம் ஆட்டக்காரருக்கு வேறொரு அணி ஒரு தொகை சொன்னால், பழைய அணி அதே தொகையைக் கொடுத்து அவரை வைத்துக்கொள்ளலாம் என்பது இங்குள்ள விதி. அதற்கு மூன்று நாள் கெடு. ஹூஸ்டன் மூன்று ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் சொன்னது. அதிலும் மூன்றாம் ஆண்டில் மட்டும் ஒன்றரைக் கோடிக்குப் பக்கமாக வரும்படி தந்திரமாகப் பிரித்திருந்தது. அந்த ஆண்டில் நியூயார்க் சம்பள வரம்பை மீறியதற்கான வரியும் சேர்த்துக் கட்ட நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நள்ளிரவுக் கெடுவுக்குள் நியூயார்க் கைவிரித்துவிட்டது. பிப்ரவரியில் நெட்ஸ் அணிக்கு எதிராக 25 புள்ளிகள் எடுத்து, ஒரே வாரத்தில் ஊரையே தலைகீழாக்கிய பையன் அப்படிப் போனார். அந்த நாட்களில் கேபிள்காரருக்கும் சேனலுக்கும் ஏதோ பணத் தகராறு, எங்கள் பகுதியில் பல வீடுகளில் ஆட்டமே தெரியவில்லை. முடிதிருத்தும் கடை ஒன்றின் கண்ணாடிக்கு வெளியே பனிக்காற்றில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம், குல்லாய் போட்டிருந்தேனா என்று கேட்பாள்.

லின் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. லேண்ட்ரி ஃபீல்ட்ஸையும் டொரண்டோ இதே வழியில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பந்தைக் கொண்டுவருவதில் பெயர் எடுத்த ஸ்டீவ் நாஷ் நியூயார்க்குக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த விலையைச் சொன்னார்கள் என்று பேச்சு. கடைசியில் நாஷ் இரண்டு பேருக்கும் இல்லாமல் லேக்கர்ஸ் அணிக்குப் போனதுதான் வேடிக்கை. நியூயார்க்கின் ஷம்பர்ட்டும் பாரன் டேவிஸும் மியாமிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டங்களிலேயே முழங்காலை முறித்துக்கொண்டார்கள். பந்தை மேலே கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் கார்ட் இல்லாமல், போர்ட்லண்டிலிருந்து ஃபெல்டனைத் திரும்ப அழைத்து, 39 வயது ஜேசன் கிட்டையும் எடுத்திருக்கிறார்கள். உள்ளே நிற்கும் பெரிய ஆட்களிலும் கர்ட் தாமஸுக்கு 39, கேம்பிக்கு 38. இது அணியா, முதியோர் இல்லமா என்று கடைத்தெருவில் கேலி பேசுகிறார்கள்.

இந்த நேரத்தில்தான் இன்னொரு பெயர் அடிபடுகிறது. பாப்லோ பிரிஜியோனி, அர்ஜென்டினாக்காரர், வயது 35. அமெரிக்க லீகில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. 1999-இல் ஸ்பெயினுக்குப் போனவர், விட்டோரியாவிலும் மாட்ரிட்டிலும் இத்தனை காலம் ஆடிவிட்டு இப்போது இங்கே புதுமுகமாக இறங்கப் போகிறாராம். இன்னும் அறிவிப்பு வரவில்லை, ஆனால் வந்துவிடும் என்கிறார்கள். சம்பளமும் புதுமுகங்களுக்கான குறைந்தபட்சத் தொகைதான், நான்கே முக்கால் லட்சம் டாலருக்குப் பக்கம். நமக்கு அது கனவுத் தொகை. ஆனால் லின் போன்ற பையனுக்கு இரண்டரைக் கோடி பேசும் ஊரில், ஐரோப்பாவில் பெயர் எடுத்த ஒரு மனிதர் இந்த வயதில் கடைசி வரிசையில் வந்து நிற்கச் சம்மதிக்கிறார் என்றால் அதைக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

இவரைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம் மேல்மாடியில் இருக்கும் அர்ஜென்டினாத் தாத்தா. பிரிஜியோனி பிறந்த ரியோ தெர்செரோவும் இவருடைய ஊரும் ஒரே கோர்டோபா மாகாணம். அதனால் சொந்தப் பேரனைப் போல் பேசுகிறார். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவர், வாடகை வாங்க வருபவரிடம் கதவின் சங்கிலியை எடுக்காமலே பேசி அனுப்புபவர், என்னை மட்டும் ஞாயிறு தோறும் கூப்பிட்டு உட்காரவைத்து மாத்தே கொடுக்கிறார். அது ஒரு கசப்பான இலைத் தண்ணீர், சுரைக்குடுக்கையில் ஊற்றி, உலோகக் குழல் போட்டு, ஒரே குழலில் எல்லோரும் மாறி மாறி உறிஞ்ச வேண்டும். எச்சில் பார்க்கும் அம்மா காதில் இது விழ வேண்டாம்.

போன ஞாயிறு அவர் மேசையிலேயே எனக்கு ஒரு பாடம் நடத்தினார். குடுக்கை உயரமான ஆள். சர்க்கரைக் கிண்ணம் பிரிஜியோனி. உப்புச் சீசா எதிரணியின் கார்ட். குடுக்கை வந்து உப்புச் சீசாவின் வழியை மறித்து ஸ்க்ரீன் போட, கிண்ணம் அவசரமே இல்லாமல் அதை உரசிக்கொண்டு நகர்ந்து, உப்புச் சீசா எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகுதான் பாஸ் போகிறது. பிறகு அந்த ரொட்டித் துண்டை எடுத்துக் கொடு என்றார். நான் நீட்டி அவர் இடது கைக்குப் போகும் வழியில் வலது கையால் வெடுக்கென்று பறித்துக்கொண்டு, ஒரு கூடை விழுந்ததும் எதிராளி கோட்டுக்கு வெளியிலிருந்து அலட்சியமாகப் பந்தைப் போடுவானே, அப்போது பிரிஜியோனி இதைத்தான் செய்வான் என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். நீங்கள் கிரவுண்டில் கிழவன் திருட்டு என்று சொல்வீர்களே, அதேதான். கால் ஓடாத வயதில் கண் ஓட வேண்டும் என்பீர்கள்.

இருந்தாலும் எனக்குச் சந்தேகங்கள் உண்டு, அவற்றைத் தாத்தாவிடம் சொல்லவில்லை. இங்கே ஆட்டம் 48 நிமிடம், அங்கே 40. மூன்று புள்ளிக் கோடு நமக்கும் ஐரோப்பாவுக்கும் 6.75 மீட்டர் என்றால் இங்கே நடுவில் 7.24; எறிவதற்கே தயங்கும் ஆள் அவர், தூரம் கூடினால் இன்னும் தயங்குவார். ஒரு சீசனுக்கு 82 ஆட்டங்கள், ராத்திரியில் விமானம், மறுநாளே வேறு ஊர். ஆனால் அவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆடவைக்காமல், கிட்டும் ஃபெல்டனும் மூச்சு வாங்கும்போது பந்தைப் பத்திரமாக வைத்திருக்கும் ஆளாக வைத்துக்கொண்டால் அது நல்ல ஏற்பாடு என்பதே என் முடிவு. அணிக்கு அதிகப் புள்ளி எடுக்கும் கார்மலோ பந்து கேட்கும் இடத்தில், கேட்கும் நேரத்தில் கொடுக்கத் தெரிந்தவர் இவர். 2008 பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கிய அணியில் ஜினோபிலிக்கும் ஸ்கோலாவுக்கும் பந்து கொடுத்துப் பழகிய கை அல்லவா. லண்டன் ஒலிம்பிக் அடுத்த வாரம் தொடங்குகிறது. அர்ஜென்டினா ஆட்டம் தூர்தர்ஷனில் வந்தால் தவறாமல் பாருங்கள், தம்பியையும் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

இப்போது நம் கிளப் விஷயம். ஒருவன் ரயில்வேக்கும் ஒருவன் சென்னைக் கல்லூரிக்கும் போய்விட, இரண்டு கார்டும் இல்லாமல் அடுத்த மே மாத அகில இந்தியப் போட்டிக்கு என்ன செய்வது என்று எழுதியிருந்தீர்கள். துபாயிலிருந்து திரும்பிவிட்ட மேலவீட்டு அண்ணனைச் சேர்க்கலாமா, முப்பத்தாறு வயதில் வெளிநாட்டில் இருந்து வந்தவனைப் பார்த்து ஊர் சிரிக்குமா என்பது உங்கள் தயக்கம். தயங்காமல் சேருங்கள். ரயில்வே அணியோ வங்கி அணியோ முழுக் கோர்ட்டிலும் அழுத்தும்போது பதினெட்டு வயதுப் பையன் பந்தைத் தூக்கி எறிந்துவிடுவான், அண்ணன் எறியமாட்டார். வாரத்தில் மூன்று நாள் பயிற்சி போதும் அவருக்கு. முழு ஆட்டமும் ஆடவைக்காதீர்கள். இரண்டாம், நான்காம் கால்பகுதியின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு அவரை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கம்பெனி ஆட்டங்களில் தொடர்ந்து ஆடிவந்ததாக அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்தவரைக் கிரவுண்டுக்கு வா என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று அவர் உள்ளுக்குள் காத்திருப்பார் அப்பா, அது எனக்குத் தெரியும்.

மாடிசன் ஸ்கொயர் கார்டனுக்குப் போய் ஆட்டம் பார்த்தாயா என்று கேட்டீர்கள். ரயில் நிலையத்துக்கு மேலேயே இருக்கிறது, தினமும் அதன் அடியில்தான் போய்வருகிறேன். ஆனால் டிவியில் பார்த்தால்தான் எல்லாம் கிட்டத்தில் தெரிகிறது. எப்படியானாலும் எனக்கு ஆட்டம் என்றால் பெரியகுளம்தான். மே மாதப் புழுக்கத்தில் விளக்குகளைச் சுற்றிப் பூச்சி பறக்க, கேலரியில் இடமில்லாமல் மதில் மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, நீங்கள் விசிலை வாயில் வைத்தபடியே திட்டுவீர்கள். இங்கே ரூஸ்வெல்ட் அவென்யூவில் மெக்சிகோப் பெண்கள் மாம்பழத்தைச் சீவி, குச்சியில் குத்தி, மிளகாய்த்தூள் தூவி விற்கிறார்கள். நேற்று ஒன்று வாங்கினேன். நம் தோப்புக் காய் நினைவு வந்து, பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை.

தோப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது: கும்பக்கரை ரோட்டுத் தோப்பைக் குத்தகைக்குக் கேட்பவருக்கு ஐந்து வருடத்துக்கு எழுதிக்கொடுக்க வேண்டாம். ஒரு வருடம் கொடுத்துப் பாருங்கள், முன்பணத்தைக் கையில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். இந்த மாதம் பணம் சற்றுப் பிந்தி வரும். டாலர் 55 ரூபாய்க்கு மேல் போய்விட்டது, இன்னும் ஏறும் என்கிறார்கள், அதனால்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன், வேறொன்றும் இல்லை. அதற்காக அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். சித்தப்பாவிடம் வாங்கி மதுரையில் முடித்துவிடுங்கள், ஆவணிக்குள் நான் அவருக்கே நேரடியாக அனுப்பிவிடுகிறேன். அக்கா பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும் என்று அக்கா அழுததாக அம்மா சொன்னாள். இந்த முறை தம்பி மடியில் உட்காரவைத்துச் செய்யுங்கள். தோடு என் கணக்கில் இருக்கட்டும்.

தம்பியின் கால் அளவைக் காகிதத்தில் வரைந்து அடுத்த கடிதத்தில் வையுங்கள். நம் தெருக்காரர் ஒருவர் செப்டம்பரில் ஊருக்கு வருகிறார், ஷூ வாங்கிக் கொடுத்தனுப்புகிறேன். மேலவீட்டு அண்ணனின் அளவையும் கேட்டு எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்