டிரைவர் என்றால் தகரக் கொட்டகைதானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் சர்வீஸ் சென்டர்களில் வாடிக்கையாளர் ஓய்வறை என்று ஒன்றும், டிரைவர்கள் காத்திருக்க வேறோர் இடமும் தனித்தனியாக இருப்பதைத் தங்கள் வாசகர்களில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. சொந்தக் காரைத் தாமே ஓட்டிச் செல்பவர்களின் கண்ணில் அந்த இரண்டாவது இடம் படுவதற்கு வாய்ப்பே இல்லை. என் கண்ணில் பட்டது, அங்கேதான் என்னை உட்கார வைத்தார்கள் என்பதால்.

நான் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பஸ்களின் பக்கவாட்டில் 'சேரன்' என்று எழுதியிருந்த காலத்தில் சேர்ந்தேன். 1997இல் பெயர் மாறியது, வேலை மாறவில்லை. ஓய்வுக்குப் பிறகு ஒரு சின்னக் கார் வாங்கினேன். அதில் வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் இடது சக்கரத்தருகே 'டொக்' என்று ஒரு சத்தம். சக்கரத்தருகே உள்ள இணைப்புக் கம்பியான லிங்க் ராடின் வேலை என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. வாரண்டி முடிவதற்குள் நானே ஸ்பானரைத் தூக்குவது உசிதமில்லை என்பதால் கோவையில் உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே கொண்டு போனேன். அதன் பெயரை எழுதப் போவதில்லை. விசாரித்த வரையில், பெரிய சென்டர்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

கையில் டேப்லெட்டுடன் வந்த சர்வீஸ் அட்வைசர் இளைஞர். கீறல்களைப் படம் எடுத்தார், ஓடிய கிலோமீட்டரைக் குறித்தார், பதிவுச் சான்றை வாங்கிப் பெயரையும் பார்த்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. போன் நம்பரைச் சொல்லத் தொடங்கினேன். "உங்கள் நம்பர் வேண்டாம் அண்ணே, ஓனர் நம்பர் ரெக்கார்டில் இருக்கும்" என்றார். சத்தத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "அதையெல்லாம் ஓனரிடம் கேட்டுக்கொள்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே கட்டடத்தின் பின்பக்கம் கையைக் காட்டிவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

வேட்டிதான் காரணமா, ரப்பர் செருப்பா, எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாத கிரீஸ் கறையா, தெரியாது. "நான்தான் ஓனர் என்று உரக்கச் சொல்வதற்கென்ன?" என்று வீட்டில் கேட்டார்கள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் டிரைவர் என்று நினைத்தவரை எங்கே அனுப்புகிறார்கள் என்று பார்க்கும் ஆவல் அதற்குள் வந்துவிட்டது.

வாட்டர் வாஷ் செய்யும் இடத்துக்கும் கம்ப்ரசருக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர்க் கேன், அதன் மேல் கவிழ்த்த ஒரே ஒரு டம்ளர். மின்விசிறி இருந்தது. அது சுற்றினாலும் காற்றைவிட வாஷ் தெறிக்கும் ஈரம்தான் அதிகம் வந்தது. கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் காரைக் கொண்டுவந்தவர் காலையிலிருந்து அங்கேயே இருக்கிறாராம். முதலாளி ஏதோ கூட்டத்தில் இருப்பதால் எஸ்டிமேட்டுக்கு இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்று சாப்பிடக்கூடப் போகவில்லை.

பேச்சுவாக்கில் அவர் ஒன்று சொன்னார். பிரேக்கை மிதித்தால் வண்டி இடதுபக்கம் இழுக்கிறதாம். "அட்வைசரிடம் சொன்னீர்களா?" என்றேன். "என்னை யார் கேட்டார்கள்? ஜெனரல் சர்வீஸ் போதும் என்று ஓனர் போனில் சொல்லிவிட்டார்" என்றார். பின் சீட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வருகிறவருக்கு பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எப்படித் தெரியும்? காலிப்பர் இறுகியிருக்கலாம், ஒரு பக்கத்து பேட் தேய்ந்திருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் உடனே பார்க்க வேண்டிய குறை. அந்தக் குறையைத் தெரிந்த ஒரே மனிதரைக் கம்ப்ரசர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, தெரியாதவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பணிமனையில் இப்படிச் செய்தால் வேலை ஓடாது. இரவு பஸ் உள்ளே வந்ததும் டிரைவர் தன் வண்டியின் குறைகளை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். 'கிளட்ச் நழுவுகிறது', 'மூன்றாவது கியர் தானே விழுகிறது' என்று ஒரு வரிதான் இருக்கும். சில சமயம் எழுத்துப் பிழையோடு இருக்கும். பாதி நோய் அந்த ஒரு வரியிலேயே பிடிபட்டுவிடும். எழுதியது புரியாவிட்டால் மறுநாள் டீக்கடையில் அவரைத் தேடிப் பிடித்துக் கேட்போம். டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் சண்டை இல்லாத பணிமனை கிடையாது. அவர் சொல்வதைக் காதில் வாங்காத மெக்கானிக்கை மட்டும் நான் பார்த்ததில்லை.

என் கதைக்கு வருகிறேன். கொட்டகையில் இருக்கும்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. அதே இளைஞர்தான், குரலில் மட்டும் அப்படியொரு பணிவு. "சார், உங்கள் டிரைவர் காரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார், எஸ்டிமேட் சொல்லட்டுமா?" சொல்லச் சொன்னேன். சர்வீஸோடு சேர்த்து ஏசி கிளீனிங், திராட்டில் பாடி கிளீனிங், அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு என்று வரிசையாக வந்தன. டிரைவராக இருந்தபோது ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. ஓனராக உயர்ந்தவுடன் பில்லும் கூடவே உயர்ந்துவிட்டது. முழுவதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் வேண்டாம் தம்பி, லிங்க் ராடை மட்டும் பாருங்கள். நேரில் பேச வேண்டுமானால் உங்கள் பின்பக்கக் கொட்டகையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன்.

ஓடி வந்தார், பாவம். மேலாளரும் வந்தார். "மன்னிக்க வேண்டும் சார், டிரைவர் என்று நினைத்துவிட்டோம்" என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். குளிரூட்டப்பட்ட அறைக்கு அழைத்துப் போய் சோபாவில் உட்கார வைத்து, பீங்கான் கோப்பையில் காபியும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

என்னை டிரைவர் என்று நினைத்ததில் எனக்கு அவமானம் எதுவும் இல்லை. வாழ்நாளில் பாதியை டிரைவர்களோடு கழித்தவன் நான். மன்னிப்பு கேட்டார்களே, அதுதான் உறுத்தியது. நான் உண்மையிலேயே டிரைவராக இருந்திருந்தால் அங்கே நடந்ததில் தவறே இல்லை என்று ஆகிறது அல்லவா? அந்தத் திருப்பூர்க்காரரிடம் யாரும் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்ற நினைப்பும் எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

2014இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காகச் சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. மாநிலமே கொதித்தது. ஒரே மாதத்தில் சட்டமன்றத்தில் சட்டம் வந்தது; மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம். அது வேட்டியைக் காப்பாற்றும். வேட்டி கட்டியவர் நீதிபதியாகவோ காரின் சொந்தக்காரராகவோ இல்லாமல் வெறும் டிரைவராக இருந்தால் அவரை எந்தச் சட்டம் சோபாவில் உட்கார வைக்கும்? டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊர்களோடு இதை ஒப்பிட மாட்டேன். அந்தக் கொடுமை வேறு. ஆனாலும் பீங்கான் கோப்பை கைக்கு வந்தபோது நினைப்பு அந்தப் பக்கம் போனதைத் தடுக்க முடியவில்லை.

அட்வைசர் இளைஞரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவரும் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறார். மாத இலக்கு தலைக்கு மேல் இருக்கிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. வீடு வீடாக உணவும் பொருளும் கொண்டு சேர்ப்பவர்களுக்குச் சென்னை மாநகராட்சி 2025இல் அண்ணா நகரில் குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறந்தது. பஸ், லாரித் தொழிலாளர்கள் இரவு தங்கும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்பதை 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. தனியார் காருக்குச் சம்பள டிரைவராக இருப்பவர் அந்தச் சட்டத்துக்குள் வந்ததில்லை, ஏனென்றால் அவர் வேலை செய்வது போக்குவரத்து நிறுவனத்தில் அல்ல, ஒரு வீட்டில். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வண்டி பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்து அரசு ஒரே நல வாரியம்தான் வைத்திருக்கிறது. அரசாங்கக் காகிதத்தில் அருகருகே இருக்கும் இவர்களைச் சர்வீஸ் சென்டரில் ஒரு சுவர் பிரித்து வைத்திருக்கிறது.

கார் கம்பெனிகள் நினைத்தால் இதை மாற்றுவது பெரிய காரியமில்லை. வண்டியோடு வந்தவர் யாராக இருந்தாலும் ஒரே அறையில் உட்காரட்டும். இட நெருக்கடி என்றால் டிரைவர்கள் இருக்கும் இடத்தைக் கம்ப்ரசரிலிருந்தாவது தள்ளி வைத்து, குடிநீரும் கழிப்பறையும் ஒழுங்காகக் கொடுக்கட்டும். ஜாப் கார்டில் 'ஓட்டுபவர் சொன்ன குறை' என்று ஒரு வரி சேர்க்கட்டும். எல்லாம் டேப்லெட்டில்தானே இருக்கிறது, அச்சுக்கூலிகூட ஆகாது. சர்வீஸ் முடிந்தபின் கம்பெனியிலிருந்து அழைத்து பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை வண்டி கொண்டுவந்தவரிடமும் கேட்கட்டும். என்னை அழைத்த பெண்ணிடம், கொட்டகைக்குத் தனியாக மதிப்பெண் போடலாமா என்று கேட்டேன். அவருடைய பட்டியலில் அப்படி ஒரு கேள்வி இல்லையாம்.

லிங்க் ராடை வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள், சத்தம் போய்விட்டது. கிளம்பும் முன் திருப்பூர்க் காரின் பிரேக் விஷயத்தை அட்வைசரிடம் நானே சொன்னேன். "அந்த ஓனர் லைனில் கிடைத்தால் கேட்டுவிடுகிறோம் சார்" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பணிமனை மெக்கானிக் ஒருவர்,
கோவை.