நாலு மணி டீ

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். "மூணு தடவை சிகரெட்டை விட்டுப் பார்த்தேன், எனக்கு மனஉறுதி கிடையாதும்மா" என்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

இருபது வருஷம் வெற்றிலையோடு புகையிலை போட்டவள் நான். பீடி சுற்றுகிற தட்டுக்குப் பக்கத்திலேயே வெற்றிலைப் பெட்டி இருக்கும். ஒரு கட்டு பீடி முடிந்தால் ஒரு வாய் வெற்றிலை. என் கன்னத்துக்குள் வெள்ளைப் படையைப் பார்த்த பல் டாக்டர், இது புற்றாக மாறலாம், இன்றைக்கே விட்டுவிடும்மா என்றார். கோயிலில் சத்தியம் செய்தேன். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. அடுத்த தடவையும் அப்படியே. உன்னை மாதிரியேதான் நானும் என்னை ஏசிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் கவனித்தேன். நாள் முழுக்க ஆசை வருவதில்லை. கட்டைக் கட்டி முடித்து நிமிர்கிற நேரம்தான் கை தானாகப் பெட்டிக்குப் போகிறது. சரி, கைக்கு வேறு வேலை கொடுப்போம் என்று பெட்டியை வீட்டைவிட்டே அனுப்பினேன். அந்த இடத்தில் நெல்லி வற்றல் டப்பாவை வைத்தேன். திண்ணையில் எல்லோரும் புகையிலை போடுவார்கள் என்று ஒரு மாதம் அடுப்படியில் உட்கார்ந்து பீடி சுற்றினேன். முதல் மூன்று நாள் தலைவலி, எரிச்சல். பாவம், உன் அப்பா தொட்டதற்கெல்லாம் ஏச்சு வாங்கினார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்தத் தவிப்பு சில நிமிஷத்தில் தணிந்துவிடுவதைப் பார்த்தேன்.

நடுவில் ஒரு கல்யாண வீட்டில் ஒரு வாய் போட்டுவிட்டேன். எல்லாம் போச்சு என்று ராத்திரி அழுதேன். மறுநாள் தட்டை எடுத்து உட்கார்ந்தால், கை வற்றல் டப்பாவுக்குத்தான் போனது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஆராய்ச்சி செய்ததை உன் தங்கை படித்துக் காட்டினாள். புதுப் பழக்கம் ஒன்று தானாக நடக்கும் அளவுக்கு வர, நடுத்தரமாக 66 நாள் ஆகுமாம். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைக்கும் கணக்கு வந்திருக்கிறது. இடையில் ஒருநாள் தவறினாலும் பெரிதாகக் கெட்டுப்போவதில்லையாம். நீயோ பத்தாம் நாளே உன்னைப் பழிக்க ஆரம்பித்துவிட்டாய்.

உனக்கு 11 மணி டீ, 4 மணி டீ. அதே பெட்டிக்கடை, அதே கூட்டாளிகள். கொஞ்ச நாளைக்கு அந்தக் கடைப் பக்கமே போகாதே, டீயை ஆபீசுக்குள்ளேயே குடி. ஏன் வரவில்லை என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடு. பையில் இருக்கிற லைட்டரைத் தூக்கிப் போடு. சிகரெட் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்று நம்பர் போட்டிருக்கும், காசு கிடையாது, கூப்பிட்டுப் பேசு.

பீடி சுற்றின காசில்தான் உனக்குக் காலேஜ் பீஸ் கட்டினேன். அதே புகை உன் நெஞ்சுக்குள் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ராசா.

நாளைக்கு 4 மணிக்கு டீயைக் கையில் எடுத்ததும் எனக்குப் போன் போடு. நான் தட்டோடுதான் உட்கார்ந்திருப்பேன். நெல்லி வற்றல் ஒரு டப்பா பார்சலில் வருகிறது.

அம்மா